கரண்ட் எங்கேர்ந்து வருது?

ஆவடியிலிருந்து காலை 8 மணி சுமாருக்குக் கிளம்பும் மூர் மார்க்கெட் லோக்கலில் முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. நான் பாரிமுனையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறவன். மிச்ச நேரத்தில் இந்தப் பத்தி. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு விஷயதானம் செய்வது அந்தப் பெட்டிதான். பட்ஜெட்டா, கிரிக்கெட்டா, கிட்னிக் கல்லா, எதற்கும் அங்கே ஸ்பெஷலிஸ்ட் உண்டு.

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்து முடிந்த வாரம், பெட்டி முழுக்க விமானப்படைத் தளபதிகள். குறிப்பாக இரண்டு பேர். ஒருவர் ரஃபேல் கட்சி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ். இன்னொருவர் சுகோய் கட்சி, டைப்ரைட்டர் காலத்திலிருந்து ஒரே ஷிப்பிங் ஏஜென்ஸி. ஒரு காலத்தில் ரஜினி, கமல் என்று பிரிந்து நின்றோமே, அதே சூடு.

"ரஃபேல்ல மீட்டியார் மிசைல் இருக்கு சார். நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கிறவனையே தூக்கிடும். இவன் வர்றதே அவனுக்குத் தெரியாது."

"சும்மா இருங்க சார். சுகோய் வயித்துல பிரம்மோஸ் தொங்குது. ரெண்டரை டன்! ஒண்ணே ஒண்ணுதான் தொங்கும், ஆனா அது ஒண்ணு போதும். நம்ம தஞ்சாவூர்லயே நிக்குது, தெரியுமா?"

சுகோய்காரர் சொன்னதில் தப்பில்லை. 2020 ஜனவரி 20-ஆம் தேதி தஞ்சாவூரில் 222-வது ஸ்க்வாட்ரன் ஆரம்பித்தார்கள். 'டைகர் ஷார்க்ஸ்' என்று பெயர். சுகோயிலிருந்து பிரம்மோஸை முதன்முதலாக விட்டுப் பார்த்தது 2017 நவம்பர் 22. அந்த ஏவுகணையின் வேகம் ஒலியைப் போல 2.8 மடங்கு. தூக்கிக்கொண்டு போகிற விமானத்தைவிட, இறங்கி ஓடுகிற சரக்குக்கு வேகம் ஜாஸ்தி. லாரியிலிருந்து குதித்த மூட்டை லாரியை ஓவர்டேக் செய்த மாதிரி.

விவாதம் திருமுல்லைவாயல் தாண்டி அம்பத்தூரில் நுழைந்தபோது, ஜன்னலோரமாக மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் வாயைத் திறந்தார். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ரிடையர் ஆனவர் என்று மட்டும் தெரியும். மற்றபடி தினமும் பேப்பர் படிப்பார், மடிப்பார், இறங்குவார்.

"தம்பி, நூறு கிலோமீட்டர்ல எதிரி இருக்கான்னு உங்களுக்கு யார் சொல்றது?"

"ரேடார் சார்."

"அந்த ரேடாருக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

ரஃபேல்காரர் சுகோய்காரரைப் பார்த்தார். சுகோய்காரர் என்னைப் பார்த்தார். நான் பி.காம். ரயிலின் ஃபேனைப் பார்த்தேன்.

"யோசிச்சு வைங்க. நம்ம ஊர் சம்பந்தப்பட்டதுதான்" என்று சொல்லிவிட்டுப் பட்டரவாக்கத்தில் இறங்கிவிட்டார்.

அன்று ஆபீஸில் பேங்க் ரிகன்சிலியேஷன் ஓடவில்லை. (ஓடினாலும் ஒத்துப்போகாது, அது வேறு விஷயம்.) விமானத்தில் கரண்ட் எங்கிருந்து வரும்? பேட்டரி என்று நினைத்தேன். பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? எங்கள் இன்வெர்ட்டரே இரண்டு ஃபேனுக்கு முனகுகிறது. தேடிப் படித்ததில் கிடைத்த சமாச்சாரம் இது.

கிராமத்துப் பக்கம் போயிருந்தால் டிராக்டர் பின்னால் ஒரு தண்டு சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கதிரடிக்கும் மெஷினை மாட்டுவார்கள், தண்ணீர் பம்ப்பை மாட்டுவார்கள். 'பி.டி.ஓ.' என்பார்கள். பவர் டேக் ஆஃப். ஓடுகிற இன்ஜினிலிருந்து கொஞ்சம் சக்தியைக் கிள்ளி எடுத்துக்கொள்வது. போர் விமானத்திலும் அதே பெயரில், அதே வேலைக்கு ஒரு தண்டு இருக்கிறது. தேஜஸ் விமானத்தின் ஜெட் இன்ஜினிலிருந்து இந்தத் தண்டு சக்தியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கியர்பாக்ஸில் கொடுக்கிறது. அந்த கியர்பாக்ஸ்தான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஹைட்ராலிக் பம்ப்புகளைச் சுற்றுகிறது. ஜெனரேட்டர் சுற்றினால் ரேடார் விழிக்கும். ரேடார் விழித்தால்தான் இறக்கையில் தொங்கும் மிசைலுக்கு எங்கே போவது என்று தெரியும்.

அந்த கியர்பாக்ஸ் ஆவடியில் டிசைன் செய்தது. சி.வி.ஆர்.டி.ஈ. நாம் பஸ்ஸில் போகும்போது நீளமான காம்பவுண்ட் சுவராக மட்டும் பார்க்கிற இடம். டாங்க் ஆராய்ச்சிக்காக வைத்த நிறுவனம். தண்டும் அவர்களுடையதே. 2023 மார்ச் 14-ஆம் தேதி, ஆவடி டிசைன் பி.டி.ஓ. தண்டைப் பொருத்தி பெங்களூரில் ஒரு தேஜஸை முதல் தடவையாகப் பறக்கவிட்டார்கள். ஆவடியில் நமக்கு அன்றைக்கு வழக்கம்போல டிராஃபிக் ஜாம்தான் நியூஸ்.

ஒரு தண்டில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். நானும் கேட்டேன். இன்ஜின் ஒரு இடத்தில், கியர்பாக்ஸ் இன்னொரு இடத்தில். சூட்டில் இன்ஜின் உப்பும். திருப்பத்தில் விமானத்தின் உடம்பே கொஞ்சம் வளையும். இரண்டு முனையும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. அந்தக் கோணலைப் பொறுத்துக்கொண்டு தண்டு அசுர வேகத்தில் சுற்ற வேண்டும். ஆயில், கிரீஸ் எதுவும் கிடையாது. போதாததற்கு, எந்தத் தண்டுக்கும் ஆட்டம் காண்கிற ஒரு வேகம் உண்டு. பழைய ஸ்கூட்டர் சரியாக நாற்பதில் போனால் மட்டும் பல் கிட்டுமே, முப்பதிலும் ஐம்பதிலும் சமர்த்தாக இருக்குமே, அதுபோல. விமானி அந்த ஒரு வேகத்தைத் தவிர்த்து ஓட்ட முடியுமா? இன்ஜினின் எல்லா வேகத்துக்கும் தண்டு ஈடுகொடுக்க 'ஃப்ரீக்வன்ஸி ஸ்பானிங்' என்று ஒரு உத்தி கண்டுபிடித்து, அதற்கு பேட்டண்டும் வாங்கியிருக்கிறார்கள்.

ஹைட்ராலிக் என்றேனே, அது இன்னும் முக்கியம். தேஜஸை வேண்டுமென்றே நிலையில்லாமல் டிசைன் செய்திருக்கிறார்கள். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி சிறகின் பலகைகளைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் பறக்கும். சர்க்கஸில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுபவர் மாதிரி. பலகைகளை அசைக்கிற தசைதான் ஹைட்ராலிக். மாற்று ஏற்பாடுகள் உண்டு என்றாலும், முதல் பொறுப்பு அந்த கியர்பாக்ஸ் பேரில்.

இதற்கெல்லாம் போஸ்டர் கிடையாது. மிசைலுக்கு உண்டு.

சரி, மிசைலுக்கு வழி தெரிவது எப்படி? இதையும் படித்தேன். ஆபீஸ் நேரத்தில்தான். மேனேஜர் மன்னிக்கவும்.

முதல் வகை, மூக்கை நம்பி ஓடுவது. எதிரி இன்ஜினின் சூட்டை மோப்பம் பிடித்துத் துரத்தும். பரோட்டா கடைக்கு நாம் போகிற மாதிரி. எதிரி தப்பிக்க நெருப்புருண்டைகளை உதிர்ப்பான். பக்கத்துக் கடையில் சிக்கன் 65 பொரித்தால் மூக்கு குழம்புமா இல்லையா? இப்போது வருகிற மூக்குகள் சூட்டை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை, படமாகவே பார்க்கின்றன. அவ்வளவு சுலபமாக ஏமாறுவதில்லை.

இரண்டாவது, டார்ச் வெளிச்சம். அம்பத்தூர் ராக்கி தியேட்டரில் படம் ஆரம்பித்த பிறகு நுழைந்தவர்களுக்குப் புரியும். டார்ச்காரர் சீட்டின் மேல் வெளிச்சம் அடிப்பார், நாம் தடவிக்கொண்டே அங்கே போய் உட்காருவோம். லேசர் குண்டு அப்படித்தான். சாதாரண ஆயிரம் பவுண்டு குண்டுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் மாட்டிவிடுகிறார்கள். விமானத்திலிருந்து இலக்கின் மேல் லேசர் ஒளி விழும். குண்டு அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இறங்கும். ஒரே கஷ்டம், குண்டு போய்ச் சேரும் வரை டார்ச்சை அணைக்கக் கூடாது. பாதி வழியில் அணைத்தால் அடுத்தவர் மடியில்தான் உட்கார வேண்டும்.

கார்கிலில் நடந்தது இதுதான். 1999 மே 26-ஆம் தேதி விமானப்படை இறங்கியது. மறுநாளே ஒரு மிக்-27 இன்ஜின் அணைந்து விழுந்தது, ஒரு மிக்-21 சுடப்பட்டது. அதற்கு மறுநாள் ஒரு மி-17 ஹெலிகாப்டர், அதிலிருந்த நான்கு பேரோடு. பிந்தைய இரண்டையும் வீழ்த்தியது தோளில் வைத்துச் சுடும் மிசைல். தோளில் வைக்கிற அளவுதான், ஆனால் மூக்கு இருந்தது. நம் விமானங்கள் உயரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. உயரத்திலிருந்து மலை முகட்டுக் கூடாரத்தின் மேல் சாதாரண குண்டைப் போடுவது, ஆவடி தண்ணீர் டாங்க் மேலே நின்று தெருவில் போகிற தபால்காரர் பையில் கோலி போடுகிற மாதிரி. அப்போதுதான் மிராஜ் 2000 விமானங்களில் லேசர் குண்டுகள் வந்தன. ஜூன் 24-ஆம் தேதி டைகர் ஹில் உச்சி முகாமின் மேல் விழுந்தன. அந்தப் போர் முழுவதிலும் போட்ட லேசர் குண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மற்றதெல்லாம் பழைய ரகம். விலை ஜாஸ்தி, கையிருப்பு கம்மி. மாசக் கடைசியில் நாம் முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் எண்ணிப் போடுகிற கணக்கு.

கணக்கு என்று வந்துவிட்டதால் என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 25-ஆம் தேதி 97 தேஜஸ் விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். உடனே 97-ஆல் வகுத்து ஒரு விமானம் இவ்வளவு என்று ரயிலில் சொல்லாதீர்கள். அதில் உதிரி பாகம், உபகரணம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2022 மே 31-ஆம் தேதி, அஸ்திரா என்ற நம் சொந்த ஏவுகணைக்கு மட்டும் 2,971 கோடி. மிசைலை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று நான் பொழுது போகாமல் யோசித்திருக்கிறேன். சொத்து என்றால், ஒரு தடவை உபயோகித்தால் இருக்காது. செலவு என்றால், பெரும்பாலும் உபயோகிக்கவே மாட்டார்கள். ஆனால் அதற்கும் மருந்து மாத்திரை மாதிரி காலாவதி தேதி உண்டு. உள்ளே இருக்கும் எரிபொருளும் பேட்டரியும் கிடங்கில் இருந்தபடியே கிழடாகிவிடும். வாங்கி, பூட்டி வைத்து, அவ்வப்போது பரிசோதித்து, சுடாமலே கழித்துக் கட்டினால் அதுதான் நல்ல காலம். இப்படி ஒரு ஸ்டாக் ஐட்டத்தை எந்த ஆடிட்டரும் சகிக்க மாட்டார்.

அஸ்திராதான் மூன்றாவது வகை. எடை 154 கிலோ, நீளம் பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் கம்மி. உச்ச வேகத்தில் ஒலியைப் போல நான்கரை மடங்கு. நம் லோக்கல் முக்கால் மணி எடுத்துக்கொள்ளும் ஆவடி–சென்ட்ரலை இருபது விநாடிக்குள் முடித்துவிடும், சிக்னலில் நிறுத்தாமல் இருந்தால். இது வழி கண்டுபிடிப்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கல்யாணம் உதவியது.

ஆபீஸ் சிநேகிதர் ஒருவரின் தங்கை ரிசப்ஷன், பூந்தமல்லியில். கிளம்பும்போது கையில் ஒரு விலாசம். குத்துமதிப்பாக அந்தத் திசையில் பைக்கை விட்டேன். மிசைலும் கிளம்பும்போது அப்படித்தான், உள்ளேயிருக்கும் கருவி சொல்கிற திசையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. பாதி வழியில் சிநேகிதர் போன் செய்தார். "அந்த மண்டபம் இல்லைப்பா, அதுக்கு எதிர்ல." அஸ்திராவுக்கும் பாதி வழியில் விமானம் சேதி அனுப்பும், எதிரி இடம் மாறிவிட்டான் என்று. கடைசியில் டிரங்க் ரோடில் சீரியல் பல்பைப் பார்த்ததும் நானே கண்டுபிடித்து உள்ளே நுழைந்தேன். அஸ்திராவும் கடைசிக் கட்டத்தில் தன் மூக்கிலிருக்கும் குட்டி ரேடாரைப் போட்டுத் தானே தேடிக்கொள்ளும். நேரே மோத வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் போனாலே போதும், 15 கிலோ வெடிமருந்துத் தலை சிதறி வேலையை முடித்துவிடும். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கோவா கடலோரத்தில் தேஜஸ் இதை முதல் தடவையாக விட்டுக் காட்டியது.

மறுநாள் ரயிலில் இதையெல்லாம் ஒப்பித்தேன். பெரியவர் "தண்டு" என்றதும் தலையை ஆட்டினார். கல்யாண உதாரணத்துக்குச் சிரித்தார். சுகோய்காரருக்கு ஒரே குஷி.

"அதான் சார் சொல்றேன். மாடர்ன் மிசைல் குறி தப்பவே தப்பாது!"

அப்போது மீதிக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பூந்தமல்லியில் நான் நுழைந்தேன், 501 ரூபாய் கவரைக் கொடுத்தேன், மாப்பிள்ளை கையைக் குலுக்கினேன், போட்டோவுக்குச் சிரித்தேன், பந்தியில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் வரைக்கும் போய்விட்டேன். கை கழுவ வரும்போதுதான் தெர்மோகோல் எழுத்தைப் படித்தேன். யாரோ. சிநேகிதர் சொன்ன எதிர் மண்டபம் எதிர்ப்பக்கத்துக்கும் எதிர்ப்பக்கம். நான் குறி தப்பவில்லை. நுழைந்த மண்டபத்தில் எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

பெட்டி சிரித்தது. எனக்குப் போனது 501 ரூபாய்.

2019 பிப்ரவரி 27. அந்தத் தேதி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அபிநந்தன். மிக்-21 பைசனில் போய்ச் சுடப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்து, மார்ச் 1-ஆம் தேதி வாகாவில் நடந்து வந்தாரே. நம்ம தாம்பரம் பக்கத்துக் குடும்பம் என்று ஊரே இனிப்பு கொடுத்தது. அதே நாள் காலை, ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பட்காமில் நம் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. உள்ளே இருந்த 6 பேர், தரையில் ஒரு பொதுஜனம், 7 உயிர். எதிரி சுட்டதில்லை. ஸ்ரீநகரில் வைத்திருந்த நம்முடைய ஸ்பைடர் மிசைல். அதில் இருப்பவை பைத்தான், டெர்பி. தேஜஸ் இறக்கையில் தொங்குகிற அதே குடும்பத்துப் பிள்ளைகள். எதிரி விமானம் என்று நினைத்து விட்டார்கள். அது சொன்னபடி போய், சொன்ன இடத்தில் வெடித்தது. மிசைல் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதே வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி விமானப்படைத் தளபதி பதௌரியா, அது நம் பெரிய தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

நம் விமானமா, எதிரி விமானமா என்று கேட்பதற்கு ரேடியோவிலேயே ஒரு முறை இருக்கிறது. தரையிலிருந்து 'நீ யார்' என்று கேள்வி போகும். விமானத்திலிருக்கும் பெட்டி சரியான பதிலைச் சொல்ல வேண்டும். டி.டி.ஈ. வந்தால் சீசன் டிக்கெட்டைக் காட்டுகிற மாதிரி. எத்தனை கோடிக்கு மிசைல் வாங்கினாலும் இந்தக் கேள்வி-பதில் ஒழுங்காக நடக்கவில்லையென்றால் அவ்வளவுதான். 2022 மார்ச் 9-ஆம் தேதி நம் பிரம்மோஸ் ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊர்ப் பக்கம் போய் விழுந்தது. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை. விதிமுறையை மீறினதற்காக ஆகஸ்டில் மூன்று அதிகாரிகளை டிஸ்மிஸ் செய்தார்கள். அன்றைக்கும் இயந்திரம் சமர்த்தாகத்தான் பறந்திருக்கிறது.

நான் சொல்லி முடித்தபோது ரஃபேல்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுகோய்காரர், "அந்த ஏழு பேர் பேர் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது சார்" என்றார். எனக்கும் அன்று காலை வரை தெரியாது.

அம்பத்தூர் போய்விட்டிருந்தது. பெரியவர் எழுந்து பையிலிருந்து ஒரு சின்ன பெட்டியை எடுத்து, மைக்ரோமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு அளவு பார்க்கப் போகிறாராம், ரிடையர் ஆன பிறகும்.

"அந்தத் தண்டு, கியர்பாக்ஸ்ல உங்க கை பட்டிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"நான் டாங்க் ஆளு தம்பி. அது அடுத்த காம்பவுண்டு" என்றார். "இன்னிக்கு ஒரு லாட் பார்க்கணும். நாப்பது பீஸ். நேத்தே ரெண்டைத் தள்ளி வெச்சிட்டேன். ஓனருக்கு மூஞ்சி சரியில்ல. கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்ங்கறாரு."

"எதுக்குப் போற பீஸ் அது?"

"யாருக்குத் தெரியும்? டிராயிங்ல பேர் போட மாட்டாங்க. நம்பர்தான் இருக்கும்."

பட்டரவாக்கத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் படி ஏறினார்.